பனிவழியில் தபால் வண்டி: பயணியின் ஆசனமும் பணியாளனின் மௌனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் புனைகதையைப் பயில்வோர்க்குக் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி நன்கு பழகியதொரு காட்சியாகும். பனி மூடிய நெடுஞ்சாலை, தொலைவிற் கேட்கும் கொம்பொலி, விடுதி வாயிலில் ஒரு விளக்கு, உடலிலிருந்து ஆவி எழ நிற்கும் குதிரைகள் ஆகியன ஒருங்கமைந்த சித்திரம், நத்தார் வாழ்த்து மடல்களின் வழியாக, பனியையே கண்டறியாத நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது. அச்சித்திரத்தில் எல்லாம் உள. குளிர் மட்டும் இல்லை. அதற்குக் காரணம் வரைந்தவனின் திறமைக் குறைவன்று. அவன் வண்டியின் எவ்விடத்தில் அமர்ந்திருந்தான் என்பதே.

ஓர் இலக்கியப் படைப்பை ஆராயும்போது, எழுதியவர் யார், எழுதப்பட்ட பொருள் யாது என்னும் வினாக்களுடன், எங்கிருந்து எழுதினார் என்னும் வினாவையும் நாம் எழுப்புவதுண்டு. வர்க்க நிலைப்பாடு, உலகநோக்கு என்றெல்லாம் நாம் பேசுவது இதனையே. தபால் வண்டியைப் பொறுத்தவரை இவ்வினா உருவகமாக அன்றி நேர்ப்பொருளிலேயே எழுகின்றது. வண்டியினுள்ளே ஓர் ஆசனம், கூரைமேல் ஓர் ஆசனம், சாரதியின் பக்கத்தில் ஓர் ஆசனம், பின்புறத்தில் தபாற்பெட்டியின்மீது காவலனுக்கு ஒரு தனி ஆசனம். ஒரே இரவில் ஒரே வண்டியிற் செல்லும் இவர்கள் அனுபவிக்கும் குளிர் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை ஐரோப்பிய எழுத்தாளர் சிலர் எவ்வாறு எதிர்கொண்டனர், எங்கே எதிர்கொள்ளத் தவறினர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

முதலில் அந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் அவசியம். இங்கிலாந்தில் 1784 வரை அரசின் தபாற்பைகள் குதிரைமீது செல்லும் தபாற் பையன்களாலேயே பெரும்பாலும் கொண்டுசெல்லப்பட்டன. பயணிகளை ஏற்றிய வாடகை வண்டிகள் வேறு, தபால் வேறு. பாத் நகரில் நாடக அரங்கொன்றை நடத்திவந்த ஜோன் பாமர் என்பவர் இவ்விரண்டையும் இணைக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1784 ஓகஸ்ட் 2ஆந் திகதி பிரிஸ்டலிலிருந்து புறப்பட்ட முதலாவது தபால் வண்டி ஏறத்தாழப் பதினாறு மணித்தியாலத்தில் லண்டனை அடைந்தது. சில ஆண்டுகளுள் நாடெங்கும் இம்முறை பரவிற்று. குதிரைகளும் சாரதியும் ஒப்பந்தகாரருக்கு உரியவர்கள். காவலன் மட்டும் அஞ்சற் றிணைக்களத்தின் ஊழியன். அரசின் செந்நிறச் சீருடை, வாயகன்ற துப்பாக்கி, கைத்துப்பாக்கிகள், பூட்டப்பட்ட கடிகாரம், கொம்பு என்பன அவனுடைய சாதனங்கள். கொம்பொலி கேட்டதும் சுங்கவாயில்கள் திறக்கப்பட வேண்டும். தபால் வண்டி சுங்கம் செலுத்துவதில்லை. வழியில் வண்டி செயலற்றுப்போனால் பயணிகளை விட்டுவிட்டுத் தபாற்பைகளைக் குதிரைமீதேனும் கால்நடையாகவேனும் முன்கொண்டு செல்வது அவன் கடமை. கடிதமே முதன்மை, மனிதர் அதற்குப் பின்னர்தான்.

உள்ளே நால்வர்க்கே இடம், கட்டணமும் அதிகம். வெளியே அமர்ந்தோர்க்குக் கட்டணம் குறைவு. ஆனால் காற்றும் மழையும் பனியும் அவர்க்கே உரியன. 1812 மார்ச் மாதத்தில் பாத் வழித் தபால் வண்டி சிப்பனம் என்னும் ஊரை அடைந்தபோது வெளிப்புறப் பயணிகள் இருவர் தம் ஆசனங்களிலேயே குளிரில் விறைத்து இறந்திருந்தனர். 1836 நத்தார்க் காலத்துப் பெரும்பனியில் பல வண்டிகள் சாலைகளிலேயே புதையுண்டன. இவையனைத்தினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது 1831 பெப்ரவரி முதலாந் திகதி ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்ததாகும். டம்பிரீசிலிருந்து எடின்பரோ நோக்கிச் சென்ற தபால் வண்டி, மொபற் ஊருக்கப்பாலுள்ள மலைப்பாதையிற் பனியில் அகப்பட்டுக்கொண்டது. காவலன் ஜேம்ஸ் மக்ஜோர்ஜும் சாரதி ஜோன் குட்பெலோவும் குதிரைகளை அவிழ்த்துப் பைகளை அவற்றின்மீது ஏற்றிச் சென்றனர். குதிரைகளாலும் முன்செல்ல இயலாத இடத்தில் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பைகளைத் தாமே சுமந்து நடந்தனர். பாதையோரக் கம்பமொன்றிற் பைகள் கட்டப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அவ்விருவரின் உடல்கள் சில நாட்களின் பின்னரே கண்டெடுக்கப்பட்டன.

பைகள் பத்திரமாயிருந்தன. தம்முடைய உயிர் இனித் தங்காது என்னும் நிலையில் விறைத்த விரல்களால் அம்முடிச்சை இட்டவர்களின் உள்ளத்தில் இருந்தது யாது? கடமையுணர்வா? வேலை பறிபோகுமென்ற அச்சமா? அல்லது பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகவே செய்த செயலா? ஒரு புனைகதையாசிரியன் புகவேண்டிய இடம் இதுவே. ஆனால் தபால் வண்டியைப் பற்றி ஆங்கிலத்திற் பெரும்புகழ் பெற்ற இரு எழுத்தாளரும் இவ்விடத்தை அணுகவில்லை.

அவருள் முதல்வர் டிக்கன்ஸ். நத்தார் மடல்களிற் காணும் வண்டியைப் பொதுமக்கள் மனத்தில் நிலைநிறுத்தியதில் 1836-37இல் வெளிவந்த ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலுக்குப் பெரும்பங்குண்டு. அந்நாவலில் டிசெம்பர் மாதத்திற் பிக்விக்கும் நண்பர்களும் மகிழ்டன் வண்டியிற் செல்லும் பகுதி நகைச்சுவையின் உச்சம். அது தபால் வண்டியன்று, பயணிகள் வண்டி. பெரியதொரு கொட் மீனை வண்டியின் முன்பெட்டிக்குள் திணிக்கும் முயற்சியில் காவலன் தலைகுப்புற உள்ளே வீழ்வதும், எல்லாரும் சிரிப்பதும், சூடான பானம் அருந்துவதும் எத்தனை முறை படித்தாலும் சலிக்காதவை. இங்கே குளிர் என்பது பசியைத் தூண்டும் ஒரு சுவையூட்டி. விடுதியின் அடுப்பங்கரையை மேலும் இனிமையாக்கும் உபாயம். இதனை நான் குறையாகக் கூறவில்லை. விழாக்கால மகிழ்ச்சியை எழுதுவதற்கும் இலக்கியத்தில் இடமுண்டு. ஆயின், இதனைப் பனிக்காலப் பயணத்தின் மெய்யான சித்திரமெனக் கொள்ளும் வாசிப்பே மறுக்கத்தக்கது.

இருபது ஆண்டுகளின் பின் டிக்கன்ஸ் மீண்டும் வண்டிக்கு வருகிறார். 1859இல் வெளிவந்த ‘இரு நகரங்களின் கதை’ 1775 நவம்பர் மாத இரவொன்றில் டோவர் தபால் வண்டியுடனேயே இயங்கத் தொடங்குகிறது. சேறு நிறைந்த மேட்டில் குதிரைகள் இழுக்க மாட்டாமல் தவிக்க, பயணிகள் இறங்கி வண்டியின் பக்கத்தே நடந்து செல்கின்றனர். மூடுபனி, எவர் முகமும் எவர்க்கும் தெரியாதவாறு போர்த்த உடைகள். காவலன் பயணிகளை ஐயுறுகிறான். பயணிகள் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். குதிரைவீரனொருவன் செய்தியுடன் வருகையில், கொள்ளைக்காரனோ என அஞ்சிய பயணிகள் கடிகாரங்களையும் பணப்பைகளையும் காலணிகளுக்குள் ஒளித்துவைக்கின்றனர். பிக்விக்கின் வண்டியிலிருந்த கூட்டுக்களிப்பு முற்றாக நீங்கி, மனிதர் ஒருவர்க்கொருவர் இருளாயிருக்கும் சமூகமொன்றின் சிறு மாதிரியாக வண்டி மாறிவிடுகின்றது. பிரஞ்சுப் புரட்சியைப் பற்றிய நாவலுக்கு இதனினும் பொருத்தமான தொடக்கத்தைக் காண்பது அரிது.

இங்கே வரலாற்றுப் பிழையொன்று உண்டு. காவலனும் ஆயுதப் பெட்டியும் கொண்ட தபால் வண்டி 1775இல் இங்கிலாந்தில் இருந்ததில்லை. பாமரின் வண்டி அதற்கு ஒன்பது ஆண்டுகள் பிற்பட்டது. தம் இளமையில் தாம் கண்ட வண்டியையே டிக்கன்ஸ் பின்னோக்கி ஓட்டிச் சென்றிருக்கிறார். இத்தகைய பிழையைச் சுட்டிக்காட்டி மகிழ்வது விமரிசனமன்று. எனினும் பிழை எதனைச் சாதிக்கிறது என்று கேட்கலாம். குதிரைமீது தனித்துச் செல்லும் தபாற் பையனைக் கொண்டு, அந்நியர் பலர் ஒரே வண்டியில் ஒருவரையொருவர் ஐயுறும் காட்சியை அமைத்திருக்க முடியாது. கலைத்தேவைக்காக வரலாறு வளைக்கப்பட்டது. வளைத்ததாற் பயன் கிட்டியது. குறை வேறிடத்தில் உள்ளது. காவலனையும் சாரதியையும் டிக்கன்ஸ் பேசவைக்கிறார். ஆனால் அத்தியாய இறுதியில் அவர்கள் பேசுவதெல்லாம், வந்த செய்தி தமக்கு விளங்கவில்லை என்பதே. வாசகர் புன்னகைக்க, கதை பயணியான வங்கிக்காரர் லொறியின் மனத்துக்குள் நுழைந்துவிடுகின்றது. பணியாளனின் குளிர் ஒரே ஒரு செய்கையில் மட்டும் எட்டிப்பார்க்கிறது. எல்லாரும் நடக்கும்போது, தன் ஆசனத்தை விட்டிறங்க முடியாத காவலன் நின்றபடியே கால்களைத் தட்டிக்கொள்கிறான். அக்கால்தட்டலில் ஒரு முழுக்கதை இருக்கிறது; டிக்கன்ஸ் அதனை எழுதவில்லை.

இரண்டாமவர் தோமஸ் டி குவின்சி. அவருடைய ‘ஆங்கிலத் தபால் வண்டி’ 1849இல் பிளாக்வுட் சஞ்சிகையில் வெளிவந்தது. லண்டனிலிருந்து புறப்பட்ட கடைசித் தபால் வண்டி 1846இலேயே ஓடி முடிந்துவிட்டது. ஆகவே இது நினைவின் எழுத்து. புகைவண்டி வந்தபின் வேகம் என்பது மனிதனின் கண்ணிலும் குதிரையின் நாசியிலும் தெரிவது ஒழிந்து, இரும்புக்குள் மறைந்துவிட்டதென அவர் இரங்குகிறார். (நம் நாட்டில் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தொடங்கிய குதிரைத் தபால் வண்டி ஆசியாவிலேயே முதலாவது எனப் பெருமையுடன் குறிப்பிடப்படுவதுண்டு. 1867இற் புகைவண்டி கண்டியை அடைந்தது. நம் பேச்சுவழக்கோ இரங்காமல் எளிதாகக் கணக்குத் தீர்த்துவிட்டது: கோச்சுவண்டி போனபின் அதன் பெயரைப் புகைவண்டிக்கே கொடுத்துக் ‘கோச்சி’ என்றது.)

டி குவின்சியின் உரைநடை ஆற்றல் ஒப்பற்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அக்கட்டுரையின் முதற்பகுதி முழுவதும் ஆசனத்தைப் பற்றிய விவாதமே என்பது பலர் கவனிக்காத செய்தி. ஒக்ஸ்போட் மாணவர்கள், இழிந்ததெனக் கருதப்பட்ட வெளிப்புற ஆசனத்தை உயர்ந்ததென நிலைநாட்டிய கதையை அவர் நகைச்சுவையுடன் விரிக்கிறார். சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்ட வண்டியில் எது சிம்மாசனம் என்ற குழப்பமும் அவ்வாறே. உயரமான சாரதி ஆசனமே அரசருக்குரியது எனத் தீர்மானிக்கப்பட்டபின், வண்டியோட்டுபவன் எங்கேனும் தொற்றிக்கொள்ளட்டும் என விடப்படுகிறான். நகைச்சுவைதான், எனினும் டி குவின்சியின் கட்டுரையிலேயே நிகழ்வதும் இதுவன்றோ? சாரதியின் பக்கத்து ஆசனத்தை அவர் எடுத்துக்கொள்கிறார்; சாரதிக்குத்தான் எங்கும் இடமில்லை.

தபால் வண்டி அவருக்கு வெற்றிச் செய்தியின் ஊர்தி. திரபல்கார், வாட்டர்லூ முதலிய போர்களின் செய்திகள் மாலைசூடிய வண்டிகளில் நாடெங்கும் பரவியதை அவர் வருணிக்கும்போது பேரரசின் இரத்தவோட்டமாகவே வண்டி தோன்றுகிறது. ஆனால் அதே பகுதியில் தலவேரா போரிற் பங்குகொண்ட குதிரைப்படையொன்றில் மகன் இருந்த தாயொருத்தியை அவர் சந்திக்கிறார். அப்படை பெரும்பாலும் அழிந்தது என்பதை அவர் அறிவார். அவளிடம் அப்படையின் புகழை மட்டும் கூறிவிட்டு, இழப்பைக் கூறாமல் விடுகிறார். அவள் மகிழ்கிறாள். வண்டி நகர்கிறது. பேரரசுவாதி எனப் பெயரிட்டு இக்கட்டுரையை ஒதுக்கிவிட நினைக்கும் நம் நண்பர்கள் இவ்விடத்தை மீண்டும் படிக்கவேண்டும். வெற்றியின் ஊர்தி மறைப்பது என்ன என்பதை, தன் கொள்கையையும் மீறி, அக்கலைஞனின் கை எழுதிவிடுகிறது.

‘திடீர் மரணத்தின் காட்சி’ எனும் இரண்டாம் பகுதியும் அவ்வாறே. அது பனிக்காலமன்று, கோடையிரவு. அபினிக் கரைசல் அருந்திய பயணி விழித்திருக்கிறார். சாரதி பல இரவுகள் தொடர்ந்து உறக்கமின்றி வேலை செய்தவனாகையால் கடிவாளத்துடனேயே உறங்கிவிட்டான். பின்னே காவலனும் உறக்கம். எதிரே இளம் ஆணும் பெண்ணும் வரும் சிறுவண்டி. கனத்த தபால் வண்டி நிற்காமற் பாய்கிறது. டி குவின்சி இதனைக் கனவாக, சங்கீதமாக, மறுமையின் காட்சியாக வளர்த்தெடுக்கிறார். நாமோ அடிப்படையான ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்விபத்தின் காரணம் விதியன்று, ஊழியரின் களைப்பு. காரணத்தை அவரே எழுதியிருக்கிறார். எழுதிய பின் அதனை மறந்துவிட்டு வானத்தை நோக்கி விரைகிறார்.

ருஷ்ய இலக்கியத்துக்கு வரும்போது நிலைமை வேறாகின்றது. அங்கே பனி என்பது நத்தார் அலங்காரமன்று, ஆண்டின் பெரும்பகுதி. தபாலும் பயணிகளும் ஒரே நிலையங்களில் ஒரே குதிரைகளை எதிர்பார்த்து நிற்பவர்கள். பயணியின் உத்தரவுச் சீட்டில் எழுதப்பட்ட பதவியே அவனுக்கு எத்தனை குதிரை, எவ்வளவு விரைவில் எனத் தீர்மானித்தது. எனவே அங்கே அஞ்சல் நிலையம் பதினான்கு படிகள் கொண்ட அரச உத்தியோக ஏணியின் ஒரு குறுக்குவெட்டு முகமாகும். மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் இயங்கிய காலத்தில் மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளால் ருஷ்யக் கதைகளோடு உறவுகொண்ட நம் தலைமுறைகளுக்கு இவ்வுலகம் ஆங்கில உலகைவிடச் சற்று அண்மையானதென்றே கூறலாம்.

புஷ்கினின் ‘நிலையக் கண்காணிப்பாளர்’ 1831இல் ‘பெல்கினின் கதைகள்’ தொகுதியில் வெளிவந்தது. ஏணியின் பதினான்காவது, அதாவது கடைசிப் படியில் நிற்கும் சாம்சன் வீரின் அதன் நாயகன். பயணிகளின் வசையும் சிலவேளை அடியும் அவனுக்கே. குதிரை இல்லையென்றாலும் அவன் குற்றம், பாதை கெட்டிருந்தாலும் அவன் குற்றம். இருபது ஆண்டுகள் பயணஞ் செய்த ஒருவரின் கூற்றாகக் கதை அமைகின்றது. பனிக்கால மாலையொன்றிற் குதிரை கேட்டுச் சவுக்கை ஓங்கி வரும் இளம் படையதிகாரி மின்ஸ்கி, கண்காணிப்பாளரின் மகள் தூன்யாவைக் கண்டதும் தணிகிறான். நோயுற்றவன்போல் நடித்துத் தங்குகிறான். பின் அவளைத் தன் வண்டியில் ஏற்றிப் பீற்றர்ஸ்பேர்க்குக்குக் கொண்டுசெல்கிறான். மகளைத் தேடி நடந்து சென்ற தந்தையின் சட்டைக் கைக்குள் பணத்தாள்களைத் திணித்து வெளியே தள்ளுகிறான்.

இக்கதையை ஏழைத் தந்தை, ஏமாற்றும் பிரபு என்ற வாய்பாட்டிலேயே வாசிப்பது நம்மிடையே வழக்கம். அவ்வாய்பாட்டுக்கு அடங்காத இடம் ஒன்றுண்டு. தூன்யா விரும்பிச் சென்றாளா, கவரப்பட்டாளா என்ற வினாவுக்குக் கதையில் நேர்ச்சாட்சி ஒருவனே: அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியோட்டி. அவள் தன் விருப்பத்தோடு செல்பவள்போலத் தோன்றியதாகவும், ஆயினும் வழிநெடுக அழுததாகவும் அவன் வந்து கூறுகிறான். அவ்வளவே. பெயரில்லாதவன், ஒரே ஒரு வாக்கியத்துக்கு உரியவன், கதையின் முழு உண்மையையும் தாங்கிநிற்கிறான். தந்தைக்கும் தெரியாதது, கதைசொல்லிக்கும் தெரியாதது, முதுகைக் காட்டி அமர்ந்து குதிரைகளை ஓட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் முல்லைத்திணைப் பாடல்களில் வினைமுற்றி மீளும் தலைவன் கார்காலத்தில் தேர்ப்பாகனை நோக்கிப் பேசிக்கொண்டே வருகிறான். பாகன் பெரும்பாலும் கேட்போனாகவே நின்றுவிடுகிறான். புஷ்கினிடம் அப்பாகன் திரும்பி ஒரு சொல் சொல்லிவிட்டான் எனலாம்.

டால்ஸ்டாயின் ‘பனிப்புயல்’ 1856இல் வெளிவந்தது. 1854இல் கோக்கசசிலிருந்து திரும்பும் வழியில் அவரே இரவு முழுதும் பனியில் வழிதவறிய அனுபவம் அதற்கு அடிப்படை. கதையென்று சொல்லத்தக்க நிகழ்ச்சி அதில் மிகக் குறைவு. பயணி சறுக்குவண்டியிற் செல்கிறார், வழி மறைகிறது, தபாலைச் சேர்ப்பித்துத் திரும்பும் மூன்று அஞ்சல் வண்டிகள் எதிர்ப்படுகின்றன, அவற்றைப் பின்தொடர்கிறார்கள், மீண்டும் வழி தவறுகிறார்கள், விடியும்போது நிலையமொன்றை அடைகிறார்கள். அஞ்சல் வண்டிகளை அடையாளங் காட்டுவது கண்ணன்று, காது. பெரிய மணி ஒன்றும் அதனோடு இசைந்தொலிக்கும் சிறு மணிகள் இரண்டுமாக அவற்றுக்குத் தனியொலி உண்டு. பாதை முழுதும் அழிந்த வெளியில் அம்மணியொலியே பாதையாகின்றது.

இக்கதையின் சிறப்பு வண்டியோட்டிகளைத் தனித்தனி மனிதராகக் காட்டியதில் உள்ளது. ஒருவன் அஞ்சுபவன், ஒருவன் எந்நேரமும் ஆலோசனை கூறுபவன், ஒருவன் கதை சொல்லிக்கொண்டே வருபவன், இக்னாட் எனும் சிறுவுருவினன் புயலையும் பொருட்படுத்தாது உற்சாகமாக ஓடி ஓடிப் பாதையைத் தேடுபவன். அவர்கள் குளிரில் இறங்கிப் பனியைக் காலால் துழாவும்போது பயணி போர்வைக்குள் கிடந்து கனவு காண்கிறார். கனவில் வருவது கோடைகாலம். அத்தையின் தோட்டத்துக் குளம். அதில் மூழ்கி இறந்துபோன ஒரு குடியானவன். கரையில் நின்றும் அவனைக் காக்கவியலாத தாம். புயலின் நடுவே இக்கோடைக் கனவு ஏன் என்று கேட்ட விமரிசகர் பலர் அதனைப் பருவ முரண் என்னும் உத்தியாகவே விளக்கியுள்ளனர். எனக்கு அது போதிய விளக்கமாகப் படவில்லை. தமக்காகப் பிறர் சாகக்கூடிய இரவொன்றில், முன்பு கண்ணெதிரே செத்த ஒருவன் நினைவில் எழுகிறான். டால்ஸ்டாய் இதற்கு மேல் எதையும் கூறவில்லை. குற்றவுணர்வு என்ற சொல் கதையில் இல்லை. ஆனால் பயணியின் ஆசனம் அவருக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது என்பது தெளிவு.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல் அவசியமாகிறது. இதுவரை நாம் பேசியோர் வண்டியிற் செல்பவர்கள். கடிதத்தை எதிர்பார்த்து நிற்பவனின் பனிக்காலம் ஒன்றுண்டு. ஜெர்மானியக் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் ‘குளிர்காலப் பயணம்’ என்னும் கவிதைத் தொடரை 1827இல் ஷூபேர்ட் இருபத்துநான்கு பாடல்களாக இசையமைத்தார். அதில் ‘தபால்’ என்னும் பாடலில், காதலை இழந்து பனியில் அலைபவன் தெருவில் தபாற்கொம்பைக் கேட்டு உள்ளந் துள்ளுகிறான். தனக்குக் கடிதம் வராது என்பதும் அவனுக்குத் தெரியும். பியானோவின் இடக்கைப்பகுதி குதிரைக்குளம்பாகத் துள்ள, அதன்மேல் கொம்பொலி எழுகின்றது. வண்டியின் மகிழ்ச்சிக்கும் கேட்பவனின் வறுமைக்கும் இடையே உள்ள தூரமே பாட்டு.

செக்கோவ் 1886இல் எழுதிய ‘சூனியக்காரி’ இந்தத் தூரத்தையே ஒரு குடிசைக்குள் கொண்டுவந்து வைக்கிறது. கடும் பனிப்புயல், தேவாலயப் பணியாளன் சவேலியின் குடில், அவன் மனைவி ரயீஸா. கோயிற்பணி அவளுடைய தந்தையினது; அப்பணி குடும்பத்தை விட்டுப் போகாதிருக்கவே அவள் இவனுக்கு மணமுடிக்கப்பட்டாள். புயல்களை எழுப்பி ஆடவரைத் தன் வாசலுக்கு வரவழைப்பவள் அவளே என அவன் நம்புகிறான். அன்றிரவு வழிதவறிய தபாற்காரனும் வண்டியோட்டியும் கதவைத் தட்டுகின்றனர். தபால் ரயிலைத் தவறவிடக் கூடாதென்ற பதைப்பு. ஆயினும் உடல் தாங்காமல் அரைமணி நேரம் படுக்கிறான் தபாற்காரன். அவளுடைய பார்வையும் அவனது இளமையும் ஒருகணம் நெருங்குகின்றன. பின் பைகள் ஏற்றப்படுகின்றன. மணியொலி புயலில் மறைகிறது. அவள் அதே படுக்கையில், அதே கணவனருகில். மூடநம்பிக்கையைக் கண்டிக்கும் கதையென இதனை அறிமுகஞ் செய்வோர் கதையின் கால்பங்கையே படித்தவராவர். சவேலியின் மூடநம்பிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது: புயல் ஒன்றாலன்றி அவ்வீட்டுக்கு வெளியுலகம் வரப்போவதில்லை. நாட்டின் கடிதங்களெல்லாம் அக்குடிலின் தரையிற் சற்றுநேரம் கிடந்து செல்கின்றன. அவற்றில் ஒன்றும் அவளுக்கில்லை.

அடுத்த ஆண்டில், 1887இல், எழுதிய ‘தபால்’ என்னும் சிறுகதையில் செக்கோவ் இவ்வெல்லாவற்றையும் விடக் கடினமானதொன்றைச் செய்கிறார். பருவம் இன்னும் முதிராத குளிர், இலையுதிர்காலத்தின் பிற்சாமம். தபாற்காரன் செமியோன் துருப்பிடித்த வாளுடன் ரயில் நிலையத்துக்குப் புறப்படுகிறான். அஞ்சலதிபர் தம் உறவினனான மாணவனையும் ஏற்றிச் செல்லுமாறு பணிக்கிறார். அந்நியரை ஏற்றுதல் விதிக்கு மாறு என்பதும், வேறு குதிரை பிடித்தாற் பணம் செலவாகும் என்பதும் அவர்க்குத் தெரியும். வழியிற் குதிரைகள் மிரண்டோடுகின்றன. அச்சம் நீங்கியதும் மாணவனுக்கு அது இனிய அனுபவமாகிவிடுகிறது, பேச விரும்புகிறான். எத்தனை ஆண்டு வேலை, எத்தனை அபாயங்கள் கண்டிருப்பீர்கள் என்றெல்லாம் வினவுகிறான். தபாற்காரன் பேசமறுக்கிறான். கடைசியில் வாய்திறக்கும்போது வெளிப்படுவது, அந்நியரை ஏற்றுவது தகாதென்ற சீற்றம் மட்டுமே.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் நாட்டு இலக்கிய விவாதங்களில் உழைப்பாளி இலக்கியத்திற் பேசவேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. நியாயமான கோரிக்கை, அதனால் விளைந்த நல்ல கதைகளும் பல. ஆனால் அக்கோரிக்கையின் பெயரால், உழைப்பாளியின் வாயில் ஆசிரியரின் கருத்தைத் திணித்த கதைகளும் குவிந்தன. அவற்றில் வரும் தொழிலாளி, மாணவன் ஒருவன் அன்பாக விசாரித்தவுடன் தன் துயரை முறைப்படி எடுத்துரைத்துவிடுவான். செக்கோவ் இதனை அனுமதிக்கவில்லை. மாணவன் தீயவனல்லன், அவனது ஆர்வம் போலியுமன்று. ஆயினும் அவனுக்கு ஓர் இரவு நிகழும் சாகசம், மற்றவனுக்கு ஒவ்வோர் இரவும் நிகழும் வேலை. இவ்விடைவெளியை ஓர் உரையாடலால் நிரப்பிவிடலாம் என்பது பயணியின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் குலைப்பதற்கு மௌனமே தக்க கருவியாயிற்று. அம்மௌனம் இயலாமையின் மௌனமுமன்று. இலவசமாக ஏறி அமர்ந்தவனுக்குத் தன் வாழ்வை வேடிக்கைப் பொருளாகத் தருவதற்கு மறுக்கும் மௌனம்.

கதையின் முடிவில், பொழுது புலர்ந்த ரயில் நிலையத்தில், தபாற்காரன் முகத்தில் அதே கோபத்துடன் அங்குமிங்கும் நடக்கிறான். அக்கோபத்துக்கு இலக்கானது எது என்று வினவும் செக்கோவ் மனிதரையும் இல்லாமையையும் இலையுதிர்கால இரவுகளையும் ஐயக்குறியோடு அடுக்கிவிட்டு, விடை கூறாமல் நிறுத்திவிடுகிறார். இரவுகளை அவ்வரிசையிற் சேர்த்தது கவிநயத்துக்காக என்று கூறப்படுவதுண்டு. பயணிக்கு இரவு இயற்கை. தபாற்காரனுக்கு அது வேலை நிபந்தனை. அஞ்சலதிபரையும் சம்பளத்தையும் போலவே அதுவும் அவனுக்கு வாய்த்த எசமான்களுள் ஒன்று. மக்ஜோர்ஜும் குட்பெலோவும் அம்மலைப்பாதையிற் கம்பத்தை அடைந்தபோது முகத்தில் இருந்தது என்னவென்று நினைக்க முயலுந்தோறும் எனக்குத் தோன்றுவது, வீரமோ துறவோ அன்று, நிலையத்து மேடையில் நடந்துகொண்டிருக்கும் செமியோனின் அந்த முகமே.